மூடியில் வைத்த பொட்டு

திருச்சுழி
12.11.2024

பிருந்தாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கும் தெரியும். இப்போது கை வரவில்லை. நான் என் அப்பா வீட்டில் இருக்கிறேன். தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டேன். உன் அம்மா உனக்கு எப்படிச் சொல்லியிருப்பார் என்பதை இங்கிருந்தே என்னால் நடித்துக் காட்ட முடியும்.

போன் பண்ணாமல் எதற்குக் காகிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ 'ம்' கொட்டிக் கேட்பாய். வைத்ததும் அம்மாவிடம் சொல்வாய். சாயங்காலம் அது குடும்ப குரூப்பில் வேறு உருவத்தில் வந்து நிற்கும். உன் அண்ணனைக் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். அதனால் நீயும் எழுதியே பதில் போடு.

நடந்ததைச் சொல்கிறேன். சேலையில் மை தெளித்து டிசைன் அச்சடிக்க உங்கள் கம்பெனி புதிதாகச் செய்த பிரிண்ட் ஹெட்டை, ஓட்டிப் பார்க்கச் சொல்லி நீதான் உன் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தாய். ஆயுத பூஜைக்கு முன்னால் அதில் சாம்பிள்தான் போட்டோம். காலையில் கொஞ்ச நேரம் ஓட்டுவோம், நன்றாகத்தான் இருந்தது. பூஜையன்று ஷெட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் வைக்கிற மாதிரி அந்த மெஷினுக்கும் நான் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாளிலிருந்து தீபாவளிச் சேலை ஆர்டரைப் பகல் முழுக்க ஓட்டினோம். மூன்றாம் நாள் மத்தியானம் பார்டர் எல்லாம் புள்ளி புள்ளியாகச் சிதறிப்போனது. சேலைக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. நிறுத்தி, துடைத்து, மறுபடி ஓட்டினாலும் அதே கதை.

உங்கள் கம்பெனியிலிருந்து நாகராஜ் வந்தார். ஹெட்டைக் கழற்றினார். அடியில் துளைகள் இருக்கிற தகட்டில் சிவப்பாக அப்பியிருந்தது. "யாரு இதுல குங்குமம் வச்சது?" என்றார். அவ்வளவுதான், என் கதை முடிந்தது. உன் அம்மா, "எந்த நேரத்துல கைய வச்சாளோ, ஓடிக்கிட்டிருந்த மெசினு படுத்துருச்சு" என்றார். உன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஆர்டர் கொடுத்த கடைக்காரர்கள் வந்து சத்தம் போட்டபோது மட்டும், "வீட்ல பொம்பள செஞ்ச வேலைண்ணே" என்று அவர்களிடம் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் பஸ் ஏறினேன்.

நாகராஜ் எடுத்த போட்டோ குரூப்பில் வந்தது. நீ அதற்குக் கும்பிடு பொம்மை போட்டிருந்தாய்.

நான் பொட்டு வைத்தது மேல்மூடியில். அடித்தகட்டை நான் கண்ணால் பார்த்தது நாகராஜ் கழற்றிய அன்றுதான். மை எப்படி ஓடும், எங்கே அடைக்கும் என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதுதானே உன் வேலை? மூடியில் வைத்த குங்குமம் அடித்தகட்டுக்குப் போகுமா, போகாதா? இது ஒன்றை மட்டும் சொல்.

ராமலட்சுமி

*

சென்னை
24.11.2024

அன்பு மதினிக்கு,

பிருந்தா வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். நான் கையால் எழுதிப் பல வருஷமாகிறது. எழுத்து கோணலாக இருந்தால் தயவுகூர்ந்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்வது கஷ்டம். ஹெட்டில் உள்ள துளைகள் தலைமுடியை விடச் சன்னமானவை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குட்டி அறை, அதில் மை. கரண்ட் கொடுத்தால் அறையின் சுவர் ஒரு உதறு உதறும், ஒரு துளி வெளியே பாயும். துளிக்குப் பின்னால் வால் மாதிரி ஒன்று நீளும். வால் அறுந்தால் குட்டித் துளிகளாகச் சிதறும், சேலையில் புள்ளி விழும். வால் அறாமல் துளியோடு சேர்ந்து போகிற மாதிரி அந்த உதறலை அமைப்பதுதான் என் வேலை. நிஜத்தில் இதைக் கண்ணால் பார்க்க முடியாது, அவ்வளவு வேகம். அதனால் கம்ப்யூட்டரில் மையை ஓடவிட்டுப் பார்க்கிறோம். அதற்குப் பெயர்தான் சிமுலேஷன்.

இவ்வளவு சன்னமான இடத்தில் எந்தத் தூள் போனாலும் பிரச்சினைதான். காற்றில் பறந்து போயிருக்கலாம். துடைக்கும்போது கையிலிருந்து பட்டிருக்கலாம். போகவே போகாது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை மதினி.

அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொன்னார். ஷெட்டைப் பூட்டியே வைத்திருக்கிறானாம். நீங்கள் வேண்டுமென்று செய்ததாக யாரும் சொல்லவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அம்மாவும் இறங்கிவிடுவார். தயவுகூர்ந்து இதைப் பெரிதாக்க வேண்டாம்.

அன்புடன்
பிருந்தா

*

திருச்சுழி
15.12.2024

பிருந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வழவழா கொழகொழா என்று எழுத உனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி கேட்டால் வால், உதறல் என்று பாடம் நடத்துகிறாய். அந்தப் பாடத்தை உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன், புரிந்தது. அதில் என் கேள்விக்குப் பதில் இல்லை என்பதும் புரிந்தது. அப்புறம் ஒரு பக்கத்துக்கு இரண்டு 'தயவுகூர்ந்து' எதற்கு? மனுநீதி நாளில் கலெக்டருக்கு எழுதுகிற மனுவில் கூட ஒன்றுதான் போடுவார்கள்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொன்னால், நடந்தது என்று ஆகிவிடும். அதை நான் சொல்ல மாட்டேன்.

போன வாரம் உன் அண்ணன் இங்கே வந்தார். மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கி வந்திருந்தார். அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசினார், நரிக்குடிக் கண்மாய் பெருகியதைப் பற்றிப் பேசினார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "சரி, நடந்தது நடந்துபோச்சு. நான் மன்னிச்சிட்டேன். கெளம்பு" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்பிள்ளையே வந்து கூப்பிடுறாக, போ தாயி" என்றார்.

நான் கேட்டேன், "எதுக்கு மன்னிச்சீக?"

"அதான், அந்தக் குங்கும விசயம்."

"நான் மூடியிலதான வச்சேன். நீங்க பக்கத்துல தாம்பாளத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கலையா?"

"இப்ப எதுக்குப் பழசக் கிளறிக்கிட்டு. ஊரே அப்படித்தான் சொல்லுது. விடு."

ஊர் சொல்கிறது என்பதற்காக என்னை மன்னிக்க வந்திருக்கிறார். பூவை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். நான் போகவில்லை. அதிலிருந்து அப்பா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மகள் வாழாவெட்டியாக உட்கார்ந்துவிட்டாள் என்று தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் ஹெட்டைப் பற்றி ஒன்றும் அறிந்தவள் இல்லை. ஆனால் குங்குமத்தை அறிவேன். நாகராஜ் வெள்ளைத் துணியால் அந்தத் தகட்டைத் துடைத்தபோது பக்கத்தில் நின்றேன். தூளாக வரவில்லை, பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. நிறமும் ராணிக் கலர். எந்த ஊரில் ராணிக் கலரில் குங்குமம் விற்கிறார்கள்? அப்போதே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. நீயும் அந்தப் போட்டோவைப் பார்த்தாய். என்ன பார்த்தாய் என்று எழுது.

ராமலட்சுமி

*

சென்னை
27.1.2025

மதினிக்கு,

பொங்கலுக்கு அருப்புக்கோட்டை வந்தேன். திருச்சுழி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஒரு நாள் வந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அது குங்குமம் இல்லை. காய்ந்த மை. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும்.

சூட்டில் மை தண்ணீராக இளகும். இளகினால் துளையின் விளிம்பில் நிற்காமல் வழிந்து தகட்டில் படரும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வளையம் வளையமாகப் படர்ந்து காயும். அதன் பிறகு வருகிற துளி அதில் இடித்து, கோணலாகப் போய்ச் சிதறும். போட்டோவில் அந்த வளையங்கள் இருந்தன. அதே வளையங்களை நான் அதற்கு நாலு மாதம் முன்பே என் ஸ்கிரீனில் பார்த்திருந்தேன்.

நாங்கள் முதலில் இருபத்தெட்டு டிகிரியில் மையை ஓடவிட்டுப் பார்த்தோம். அழகாக இருந்தது. நானாகவே நாற்பதிலும் ஓட்டிப் பார்த்தேன். வழிந்தது. என் மேலாளரிடம் காட்டினேன். "ஏசி ரூமில் வைப்பார்கள், இதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். சரி என்று நானும் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் இருபத்தெட்டு மட்டும்தான் இருந்தது. அண்ணனிடம் ஏசி போடு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பான், பிறகு ஹெட்டே வேண்டாம் என்பான். என் பெயர் போட்டு வெளியே போகிற முதல் வேலை அது. நம் ஊரில்தான் முதலில் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நாகராஜ் குங்குமம் என்று எழுதி அனுப்பியபோது ஆபீஸில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது மதினி. அது உங்கள் தலையில் விழும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. தோன்றியபோது நீங்கள் திருச்சுழியில் இருந்தீர்கள்.

இப்போது இதை வெளியே சொன்னால் என் வேலை போகும். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பார்க் வரப்போகிறது என்று அந்தப் பக்கம் ஷெட் போடுகிறவர்களிடம் மெஷின் விற்க எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஹெட்டைச் சரிசெய்துவிடுகிறேன். சமயம் வரும்போது வீட்டிலும் நானே சொல்கிறேன். அதுவரைக்கும் தயவுகூர்ந்து இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள்.

பிருந்தா

*

திருச்சுழி
9.2.2025

பிருந்தா,

படித்தேன். படித்துவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். வாளியோடு அங்கேயே நின்றிருக்கிறேன், அம்மா வந்து கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

இருபத்தெட்டு டிகிரியா? நீ ஊட்டியில் பிறந்தவளா? நம் ஷெட்டுக்குத் தகரக் கூரை என்று உனக்குத் தெரியாதா? லீவுக்கு வந்தால் மத்தியானம் ஷெட்டுக்குள் கால் வைக்க மாட்டாய், "மதினி, அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்று வாசலோடு ஓடுவாய். புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்று இங்கே பால்வாடிப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். பொன் உருகுகிற இடத்தில் உன் மை மட்டும் உருகாமல் நிற்குமா? வேறு ஊர்க்காரி இந்தத் தப்பைச் செய்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீ தெரிந்தே எடுத்து வைத்திருக்கிறாய்.

எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன்னை நான் வெறுக்கிறேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. உனக்கு இன்டர்வியூ என்று வந்தபோது என் கல்யாணப் பட்டை உனக்குக் கட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினேன். மீதிப் பாதி அங்கே கிடந்து உறுத்துகிறது.

உன் கடிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன், பயப்படாதே. காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாத்தனார் எழுதியதைத் தூக்கிக்கொண்டு வந்து நியாயம் கேட்கிறாள் என்பார்கள். உன் அம்மா மயக்கம் போட்டு விழுவார். உன் வேலை போனால் அந்தப் பாவமும் என் கைராசியில் சேரும். எனக்கு அது வேண்டாம்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பங்குனிப் பொங்கலுக்கு வருவாய் அல்லவா? உன் அம்மா, உன் அண்ணன் இருவரும் இருக்கும்போது, "அது மதினி வச்ச குங்குமம் இல்ல" என்று உன் வாயால் சொல். ஏன், எதற்கு என்ற விளக்கமெல்லாம் வேண்டாம். கம்பெனியை இழுக்க வேண்டாம். நீ சொன்னால் நம்புவார்கள், அந்த வீட்டில் மெஷின் படித்தவள் நீ மட்டும்தான். சொன்ன அன்றைக்கே நான் பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் வர மாட்டேன். என் குடும்பம் இப்போது உன் நாக்கில் இருக்கிறது.

ராமலட்சுமி

*

சென்னை
16.4.2025

மதினிக்கு,

போனேன். சொல்லத்தான் போனேன்.

சாமி கும்பிட்டுவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அந்த ஹெட் விசயம்ணே" என்று ஆரம்பித்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா அவளுக்குப் பரிஞ்சு பேச வந்தியாக்கும்" என்றார். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில், நான் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்று அவன் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. தங்கை கொடுத்த ஹெட்டால்தான் தொழில் போயிற்று, மனைவியை வீணாகப் பழித்தோம் என்று ஆகிவிட்டால் அவனால் தாங்க முடியாது மதினி. எனக்குத் தைரியம் போய்விட்டது. "குங்குமம் மட்டுமே காரணமா இருக்காது, சூடும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றேன். அம்மா, "நாங்களும் அதத்தான சொல்றோம், குங்குமமும்தான்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

பாதியாவது சொன்னேன் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அது சரியில்லை என்றும் தெரிகிறது.

ஹெட்டைச் சரிசெய்துவிட்டோம். துளையின் விளிம்பை மாற்றினேன். மை ஒட்டாத பூச்சு ஒன்று சேர்த்தோம். சூடு ஏறினால் உதறல் தானாகக் குறைகிற மாதிரி வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு வளையம் கூட இல்லை. இனி எந்த வீட்டிலும் அப்படி நடக்காது. தமிழ்நாட்டுக்கு வருகிற மெஷின்களில் தமிழ் வாசகம் எழுதும் வேலையும் எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் அண்ணனுக்காகத் திரும்பி வரலாம் என்று தோன்றினால் வாருங்கள்.

பிருந்தா

*

திருச்சுழி
4.10.2025

பிருந்தாவுக்கு,

உன் போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

குமாரலிங்கபுரம் போகிற வழியில் பரக்கத் நிஷா என்பவர் துணி பிரிண்டிங் ஷெட் போட்டிருக்கிறார். வீட்டுக்காரர் துபாயில், இங்கே எல்லாம் இந்த அக்காதான். ஆடியிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறேன். திருச்சுழியிலிருந்து முதல் பஸ், அருப்புக்கோட்டையில் இறங்கி மாறி ஏற வேண்டும். பஸ் நம் தெருமுனையைத் தாண்டும்போது வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

போன மாதம் புது மெஷின் வந்தது. உங்கள் கம்பெனி மெஷின். பிரித்தபோது ஹெட்டின் மேல்மூடியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

'தயவுகூர்ந்து இங்கே சந்தனம், குங்குமம் வைக்காதீர்கள். ஹெட் பழுதாகும்.'

அந்த முதல் வார்த்தையைப் பார்த்ததும் யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. நீ மாற்றியது ஹெட்டை, ஒட்டியது என் பழியை. துளையையும் விளிம்பையும் திருத்தியது உள்ளே இருக்கிறது, யாருக்கும் தெரியாது. வெளியே தெரிவது அந்த ஸ்டிக்கர்தான். இனிமேல் மெஷின் நன்றாக ஓடும். குங்குமம் வைக்காததால்தான் ஓடுகிறது என்று ஒவ்வொரு ஷெட்டிலும் சொல்வார்கள். இப்படி ஒரு வேலையை என் எதிரி செய்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நிஷா அக்கா அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். "எவளோ ஒருத்தி வச்சுக் கெடுத்திருக்கா போல. இல்லாமலா இதப் போயி அச்சடிச்சு ஒட்டுவாங்க?" என்றார். நான், "இருக்கும்க்கா" என்றேன்.

ஆயுத பூஜை வந்தது. வேலைக்கு இருக்கிற நாங்கள் கும்பிட்டுக்கொள்கிறோம் என்று கேட்டதற்கு, "செய்ங்க, லோடு மட்டும் நேரத்துக்குப் போகணும்" என்று அவரே பழம் வாங்கி வந்து வைத்தார். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். அந்த மெஷினுக்கு வந்ததும் கூட இருந்தவர்கள், "யக்கா, அதுக்கு வேணாம், எழுதியிருக்கு" என்றார்கள். நான் சந்தனத்தைக் குழைத்து அந்த ஸ்டிக்கரின் மேலேயே, எழுத்து மறைகிற அளவுக்குப் பெரிதாக வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். நிஷா அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பகல் முழுக்க ஓட்டினோம். இந்த வருஷமும் பொன் உருகத்தான் காய்கிறது. இங்கேயும் தகரம்தான், ஏசி இல்லை. ஒரு புள்ளி சிதறவில்லை. இது நீ திருத்திய ஹெட், அதனால் இதை வைத்து நான் எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு நாளும் துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கடைசித் துணியை விரித்துப் பார்த்த நிஷா அக்கா, மூடியில் இருந்த பொட்டையும் பார்த்தார். "அப்ப அவ வச்சதுனால கெடல. பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்கப் போய்விட்டார்.

உன்னிடம் நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். அது என்னைப் பற்றித்தான் என்பது கூடத் தெரியாமல் ஒருவர் சொல்லிவிட்டார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தீபாவளிக்கு வந்துவிடச் சொல்லி உன் அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். "மன்னிச்சத மொதல்ல திருப்பி எடுத்துக்கிடச் சொல்லுங்க, பெறகு பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினேன். எடுத்துக்கொள்ள மாட்டார். அப்படி எடுக்க வேண்டுமானால் நீ வாயைத் திறக்க வேண்டும். நீயும் திறக்க மாட்டாய். இனி எனக்கு எழுதாதே.

ஸ்டிக்கரில் பொட்டு அப்படியே இருக்கிறது. நான் துடைக்கப் போவதில்லை. அடுத்த மாதம் சர்வீஸுக்கு நாகராஜ் வருவார், பார்த்ததும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவார். இந்தத் தடவை கும்பிடு பொம்மை போடாதே.

ராமலட்சுமி